தண்ணி கலந்த சிம்போசியம்

கி.மு. 416. ஏதென்ஸில் நம் தை மாதத்தை ஒட்டிய குளிர்காலம். அகத்தோன் என்ற இளம் நாடகாசிரியர் தன் முதல் சோக நாடகத்துக்கே முதல் பரிசைத் தட்டிவிட்டார். வெற்றிக் கொண்டாட்டம் முதல் நாளே நடந்து, ஊரோடு சேர்ந்து குடித்து முடித்தாயிற்று. மறுநாள் நெருங்கிய வட்டத்துக்கு மட்டும் வீட்டில் விருந்து. சாப்பாடு ஆனது. சாமிக்கு ஊற்ற வேண்டியதை ஊற்றி, பாட வேண்டியதையும் பாடினார்கள். இனி வந்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான். அப்போது பௌசானியாஸ் என்பவர் மெல்ல வாயைத் திறந்தார். நேற்று போட்டதே இன்னும் தெளியவில்லை, இன்றைக்குக் கொஞ்சம் பார்த்து நடத்தக்கூடாதா என்றார். நகைச்சுவை நாடக மன்னர் அரிஸ்டோஃபனீஸும், நேற்று முங்கி எழுந்தவர்களில் தானும் ஒருத்தன் என்று ஒப்புக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு டாக்டர் இருந்தார். எரிக்ஸிமாக்கஸ் என்று பெயர். குடிகாரர்களே குடி வேண்டாம் என்று சொல்லும் நேரம் ஒரு டாக்டருக்கு ஆயுளில் எத்தனை முறை வாய்க்கும்? விட்டுவிடுவாரா? குடி உடம்புக்கு ஆகாது என்று சின்னதாக ஒரு வகுப்பே எடுத்துவிட்டு, இன்று யாரும் யாரையும் வற்புறுத்தக்கூடாது, அவரவர் விருப்பப்படி குடிக்கலாம் என்று தீர்மானம் போட்டார். குழல் வாசிக்க வந்த பெண்ணையும் வெளியே அனுப்பச் சொன்னார். அவள் தனக்குத்தானே வாசித்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பெண்களுக்கு வாசிக்கட்டும், நாம் ஆளுக்கொரு சொற்பொழிவு ஆற்றலாம் என்றார். தலைப்பு காதல்.

இதை பிளாட்டோ எழுதி வைத்தார். நூலின் பெயரே 'சிம்போசியம்'. வந்தது வினை.

அந்தக் கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் 'சேர்ந்து' என்று ஒன்றும் 'குடித்தல்' என்று ஒன்றும்தான் கிடைக்கும். கருத்து, அரங்கு, கட்டுரை எதுவும் உள்ளே கிடையாது. நூற்றாண்டுக் கணக்காக ஊர் ஊராக ராத்திரி ராத்திரியாக கிரேக்கர்கள் நடத்திய சிம்போசியம் எல்லாம் ஒழுங்காகக் குடித்து முடித்த சிம்போசியம்தான். தலைவலி தாங்காமல் பேச்சில் இறங்கிய ஒரே ஒரு ராத்திரி எழுத்தில் ஏறிப் புகழ்பெற்றுவிட, பின்னால் வந்த பேராசிரியர்கள் சிம்போசியம் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு மொழியின் மிகச் சந்தோஷமான சொல்லை ஹேங்ஓவரில் இருந்த நாலு பேரும் ஒரு டாக்டரும் சேர்ந்து கெடுத்த கதை இது.

சரி, கெடாத சிம்போசியம் எப்படி இருந்தது?

வசதியான வீடுகளில் அதற்கென்றே ஒரு அறை. பெயர் ஆண்ட்ரோன், ஆண்கள் அறை என்று பொருள். (பெயரிலேயே ஆண் இருக்கிறது பார் என்று வேர்ச்சொல் ஆர்வலர்கள் கிளம்பிவிட வேண்டாம். தற்செயல்.) சுவரை ஒட்டி ஏழோ பதினொன்றோ கட்டில்கள். கட்டிலுக்கு ஒருவரோ இருவரோ, இடது முழங்கையைத் திண்டில் ஊன்றி, பள்ளிகொண்ட பெருமாள் போஸில் சாய்ந்திருப்பார்கள். சைட் டிஷ்ஷும் உண்டு: அத்திப்பழம், கொட்டை வகைகள், வறுத்த கொண்டைக்கடலை. ஆம், கொண்டைக்கடலைதான். இந்த விஷயத்தில் மனித குலம் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு அடிகூட முன்னேறவில்லை.

நடுவில் கிராட்டர் என்ற பெரிய ஜாடி. அதில்தான் ஒயினையும் தண்ணீரையும் கலப்பார்கள். ஒரு பங்கு ஒயினுக்கு மூன்று பங்கு தண்ணீர், அல்லது இரண்டுக்கு ஐந்து. இதைத் தீர்மானிக்கவே கூட்டத்துக்கு ஒரு தலைவர். இன்றைய கருத்தரங்கத் தலைவருக்கு உள்ள ஒரே அதிகாரம் துண்டுச்சீட்டு அனுப்பிப் பேச்சை நிறுத்தச் சொல்வது. அதையும் யாரும் மதிப்பதில்லை. அன்றைய தலைவர் எவ்வளவு தண்ணீர், எத்தனை சுற்று என்பதையே முடிவு செய்தவர். பதவி என்றால் அது பதவி.

தண்ணீர் கலக்காமல் குடிப்பவன் காட்டுமிராண்டி என்பது கிரேக்கர்களின் அசைக்க முடியாத கொள்கை. ஸ்பார்ட்டாவின் ராஜா கிளியோமினீஸ் பைத்தியம் பிடித்துச் செத்தபோது, மற்ற ஊர்க்காரர்கள் தெய்வக் குற்றம் என்றார்கள். ஸ்பார்ட்டாக்காரர்களோ, சித்தியர் என்ற நாடோடிக் கூட்டத்தோடு சேர்ந்து பச்சையாக அடித்துப் பழகியதுதான் காரணம் என்று சொன்னதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

கலந்து குடித்தால் மட்டும் நிதானம் தவறாது என்று நினைக்க வேண்டாம். யூபூலஸ் என்ற நகைச்சுவை நாடகாசிரியர் மதுக்கடவுள் டயோனிசஸையே மேடையேற்றி ஜாடிக் கணக்கு சொல்ல வைத்தார். புத்திசாலி மூன்றாவது ஜாடியோடு வீட்டுக்குப் போய்விடுவானாம். அதற்குமேல் பத்து வரை பட்டியல் நீள்கிறது. நடுவில் கண் வீங்குவது வருகிறது, கோர்ட் சம்மன் வருகிறது, கடைசி ஜாடியில் வீட்டுச் சாமான்கள் பறக்கின்றன. நாலு நாளைக்கு ஒருமுறையாவது நம் செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் இதே வரிசையில் வரும் சேதிதான்.

சாமான் பறந்ததற்குச் சான்றே உண்டு. சிசிலித் தீவில் அக்ரகாஸ் என்று ஒரு ஊர். அங்கே ஒரு வீட்டில் இளவட்டங்கள் சிலர் குடித்துக் குடித்து, தாங்கள் கப்பலில் போவதாகவும் கடலில் புயல் அடிப்பதாகவும் நம்பத் தொடங்கினார்கள். கப்பல் முழுகாமல் இருக்க என்ன செய்வார்கள்? பாரத்தைக் குறைப்பார்கள். மாலுமி சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு கட்டில், மெத்தை, பாத்திரம் எல்லாவற்றையும் ஜன்னல் வழியே வீதியில் எறிந்தார்கள். ஊர் திரண்டு வந்து விழுந்ததை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போனது. மறுநாள் அதிகாரிகள் விசாரணைக்கு வந்தபோதும் போதை தெளியவில்லை. புயலுக்குப் பயந்துதான் சரக்கைக் கடலில் கொட்டினோம் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். அவர்களில் மூத்தவர், தான் பயத்தில் அடித்தட்டில் படுத்துக் கிடந்ததாகச் சொன்னார். அதிகாரிகளைக் கடல் தெய்வங்கள் என்றே நினைத்து, கரை சேர்ந்ததும் உங்களுக்குச் சிலை வைக்கிறோம் என்று நேர்ந்தும் கொண்டார்கள். அன்று முதல் அந்த வீட்டுக்குக் 'கப்பல் வீடு' என்றே பெயர். டிமேயஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியதை அத்தினேயஸ் என்பவர் எடுத்துப் போட்டு நமக்குக் காப்பாற்றித் தந்திருக்கிறார். இந்த அத்தினேயஸ், விருந்தில் உட்கார்ந்து விருந்துகளைப் பற்றியே பேசும் அறிஞர்களை வைத்துப் பதினைந்து பாகம் எழுதிய புண்ணியவான்.

இசை இல்லாமல் சிம்போசியம் இல்லை. டாக்டர் விரட்டிய அந்தப் பெண் வாசித்த கருவியைப் புல்லாங்குழல் என்றே பலரும் மொழிபெயர்க்கிறார்கள். தப்பு. அது ஔலோஸ், சீவாளி வைத்து ஊதும் இரட்டைக் குழல். நாதஸ்வரத்துக்குத்தான் சொந்தமே தவிர கண்ணன் கைக் குழலுக்கு இல்லை. சின்ன அறையில், நேற்றைய தலைவலியோடு, ஜோடி நாதஸ்வரம். டாக்டர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

குழல்காரிக்கு ராத்திரிக் கூலி இரண்டு டிராக்மாவுக்கு மேல் போகக்கூடாது என்று ஏதென்ஸில் சட்டமே இருந்தது. ஒரே பெண்ணை இரண்டு வீட்டார் கேட்டால் நகர அதிகாரிகள் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். அதே அதிகாரிகளின் இன்னொரு பொறுப்பு, ஊர் மலம் அள்ளுபவர்கள் அதை மதிலுக்குப் பக்கத்தில் கொட்டாமல் பார்த்துக்கொள்வது. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூலில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. அந்தப் பெண்கள் பலர் அடிமைகள். கூலி யார் மடியில் போய் விழுந்திருக்கும் என்பதை நூல் சொல்லவில்லை. ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வீட்டு அம்மாளுக்கோ அந்த அறைக்குள் நுழையவே அனுமதி கிடையாது. காதல் பற்றி ராத்திரி முழுக்கப் பேசிய அத்தனை பேரும் ஆண்கள்.

விளையாட்டும் உண்டு. கொட்டபோஸ் என்று பெயர், சிசிலியிலிருந்து வந்தது. கிண்ணத்தின் காதில் விரலைக் கோத்து, அடியில் தங்கிய வண்டலைச் சுழற்றி எறிந்து, கம்பத்தின் உச்சியில் நிற்கும் சின்னத் தட்டைக் கணீர் என்று கீழே விழவைக்க வேண்டும். எறியும்போது மனதுக்குப் பிடித்தவர் பெயரைச் சொல்வது வழக்கம். மறுநாள் தரையைத் துடைத்தவர்களைப் பற்றி எந்தக் கவிஞரும் பாடவில்லை. கி.மு. 404-இல் ஏதென்ஸைப் பிடித்தாண்ட முப்பது பேர் கும்பலில் இருந்த தெராமினீஸுக்கு, கூட்டாளி கிரிட்டியாஸே மரண தண்டனை வாங்கிக் கொடுத்தார். தெராமினீஸ் நஞ்சைக் குடித்துவிட்டு, கடைசிச் சொட்டை கொட்டபோஸ் பாணியில் சுழற்றி எறிந்து, இது அழகன் கிரிட்டியாஸுக்கு என்றாராம். சாகும்போதும் நக்கல் போகவில்லை.

கிண்ணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகலமாக, ஆழமில்லாமல், இரண்டு காது வைத்த கிண்ணம். குடிக்கக் குடிக்க அடியில் வரைந்த படம் மெல்லத் தெரியும். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகர அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. வரைந்தவர் பெயர் தெரியாததால் பிரைகோஸ் ஓவியர் என்று அழைக்கிறார்கள். கிண்ணத்தைக் காலி செய்தவருக்கு அடியில் கிடைக்கும் தரிசனம்: ஒரு இளைஞன் வாந்தி எடுக்கிறான், ஒரு பெண் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நம் ஊர் பாட்டிலில் பொடி எழுத்தில் போடும் எச்சரிக்கையை அவர்கள் ஓவியமாகவே போட்டுவிட்டார்கள். பலனும் நம் ஊர் அளவுதான்.

குடிவிருந்தில் கல்யாணத்தைக் கோட்டை விட்டவரும் உண்டு. சிக்யோன் நகரத்து ஆட்சியாளர் கிளைஸ்தினீஸ், மகளுக்கு வரன் தேடி கிரேக்கம் முழுவதிலிருந்தும் மாப்பிள்ளைகளை வரவழைத்து, ஒரு வருஷம் சோறு போட்டுப் பரீட்சை வைத்தார். முன்னணியில் இருந்தவர் ஏதென்ஸின் ஹிப்போகிளைடீஸ். முடிவு அறிவிக்கும் நாள் விருந்தில் அவருக்குக் கொஞ்சம் ஏறியது. குழலை வாசிக்கச் சொல்லி ஆடினார். மேஜை கொண்டுவரச் சொல்லி அதன்மேல் ஏறி ஆடினார். பிறகு தலைகீழாக நின்று காலால் அபிநயம் பிடித்தார். உடுத்தியிருந்ததோ வேட்டி ரகம். வருங்கால மாமனார் பொறுக்க முடியாமல், தம்பி, உன் கல்யாணத்தை ஆடியே தொலைத்துவிட்டாய் என்றார். ஹிப்போகிளைடீஸ் அதற்குக் கவலைப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்த அலட்சியம் கிரேக்கத்தில் பழமொழியாகிவிட்டது. பெண் மெகாகிளீஸ் என்பவருக்குப் போனாள். அவர்களுக்குத்தான் ஏதென்ஸ் ஜனநாயகத்துக்கு அஸ்திவாரம் போட்ட மகன் பிறந்தான். ஒருவர் தலைகீழாக நின்றதால் ஜனநாயகம் நேராக நின்றது என்று சொன்னால் வரலாற்றாசிரியர்கள் அடிக்க வருவார்கள். சொல்லிப் பார்ப்போம்.

இப்படிப்பட்ட கூட்டங்களின் நடுவேதான் அகத்தோன் வீட்டு ராத்திரியை வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் கடைசிவரை ஒழுக்கமாக ஓடவில்லை. அரிஸ்டோஃபனீஸ் பேச வேண்டிய நேரத்தில் அவருக்கு விக்கல். டாக்டர் முறை மாறி, தான் முந்திப் பேசிக்கொண்டே வைத்தியமும் சொன்னார்: மூச்சை அடக்கு, தண்ணீரால் கொப்பளி, அதற்கும் கேட்காவிட்டால் மூக்கைக் கிளறித் தும்மு. பிரபஞ்சத்தின் ஒத்திசைவு பற்றி டாக்டர் உருகிக்கொண்டிருக்க, பக்கத்துக் கட்டிலில் கொப்பளிப்பும் தும்மலும். தத்துவ நூல் என்று பயந்து இதைத் திறக்காதவர்கள் நல்ல காமெடி ஒன்றை இழக்கிறார்கள்.

எல்லோரும் பேசி முடித்து, சாக்ரடீஸ் காதலை ஏணிப்படி ஏற்றி விண்ணில் நிறுத்திய நேரத்தில் கதவு இடிபட்டது. அல்கிபியாடீஸ். ஏதென்ஸின் அழகன், தளபதி, அரசியல்வாதி. தலையில் கொடியும் பூவும் ரிப்பனும், நிற்க முடியாமல் தள்ளாட்டம், கூடவே ஒரு குழல்காரி. இனி நான்தான் தலைவர் என்று தானே அறிவித்துவிட்டு, ஒயினைக் குளிர வைக்கும் பாத்திரத்தையே எடுத்து நிரப்பி ஒரே மூச்சில் குடித்தார். இன்றைய கணக்கில் இரண்டு லிட்டருக்கு மேல். சாக்ரடீஸுக்கும் அதே அளவு. அவர் எவ்வளவு குடித்தாலும் ஏறாது என்ற புலம்பல் வேறு. பிறகு ஊர்சுற்றும் கூட்டம் ஒன்று உள்ளே நுழைய, தீர்மானமெல்லாம் காற்றில் போனது. டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். விடியும்போது விழித்திருந்தவர்கள் மூன்று பேர். ஒரே ஆள் சோகமும் நகைச்சுவையும் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று சாக்ரடீஸ் வாதாட, இரண்டு நாடகாசிரியர்களும் தலையாட்டி ஆட்டியே தூங்கிப்போனார்கள். அவர் எழுந்து போய்க் குளித்துவிட்டு அன்றாட வேலையைப் பார்த்தார்.

இத்தனையும் நடந்தபோது எழுதியவர் பிளாட்டோ சின்னப் பையன். அழைப்பில்லாமல் சாக்ரடீஸோடு ஒட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்ட அரிஸ்டோடிமஸ் ஒருவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொன்னதாகத்தான் நூலே தொடங்குகிறது. ஓசிச் சாப்பாட்டுக்கு வந்தவரின் ஞாபகத்தை நம்பித்தான் மேற்கத்தியக் காதல் தத்துவம் நிற்கிறது.

அலெக்சாண்டர் காலத்தில் கட்டுப்பாடு சுத்தமாக விட்டுப்போனது. தட்சசீலத்திலிருந்து அவரோடு போன இந்தியத் துறவி கலானஸ், பாரசீகத்தில் தானே சிதையேறி உயிர்விட்டார். துறவிக்கு மரியாதையாக அலெக்சாண்டர் ஏற்பாடு செய்தது குடிப்போட்டி. அதுவும் தண்ணீர் கலக்காத ஒயின். இந்தியர்களுக்கு மது பிடிக்கும் என்று காரணம் வேறு. ஜெயித்த புரோமாக்கஸ் குடித்தது சுமார் 13 லிட்டர். பரிசோடு மூன்று நாள் உயிரோடு இருந்தார். போட்டியிட்ட மற்றவர்களில் 41 பேர் செத்தார்கள் என்று புளூட்டார்க் கணக்குத் தருகிறார். இறுதிச் சடங்குக்குப் போய் நாற்பத்திரண்டு இறுதிச் சடங்கு.

ரோமாபுரியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். சேர்ந்து குடிப்பது என்று கிரேக்கன் பெயர் வைத்தான், நாமோ சேர்ந்து வாழ்வது என்று வைத்தோம் பார் என்று சிசரோ தன் மொழிக்காகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். லண்டனுக்கு வந்தால் 18ஆம் நூற்றாண்டில் கனவான்கள் சிலர், மதுவைப் பாடிய கிரேக்கக் கவிஞர் அனக்ரியான் பெயரில் ஒரு சங்கம் வைத்து மதுக்கூடத்தில் கூடிப் பாடினார்கள். அந்தச் சங்கப் பாட்டின் மெட்டில்தான் பிறகு அமெரிக்க தேசிய கீதம் உட்கார்ந்தது. 1931-இல் சட்டப்படி ஏற்றார்கள். நெஞ்சில் கைவைத்து நிற்கிற அத்தனை பேரும் ஒரு குடிச் சங்கத்தின் மெட்டுக்குத்தான் நிற்கிறார்கள். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு எதிரே அலெக்சி சோயர் என்ற பிரபல சமையல் கலைஞர் திறந்த பிரம்மாண்ட உணவு விடுதிக்கும் 'சிம்போசியம்' என்றுதான் பெயர். பெரும் நஷ்டம். அதன்பின் அந்தச் சொல்லைச் சாப்பாட்டுக்காரர்கள் கைவிட, பேராசிரியர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு பிளாட்டோ தெரியும். யூபூலஸின் நாலாவது ஜாடி தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த விவகாரம் தலைகீழாக வந்து சேர்ந்தது. முதலில் வந்தது சரக்கு. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித்தர, குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது ஒயின் வந்த மத்தியதரைக்கடல் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அரசன், புலவர், யவன மது, ஊற்றித்தரப் பெண்கள்: பெயர்ப்பலகை மட்டும்தான் பாக்கி. அந்தப் பெயர்ப்பலகை ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் கழித்து, ஆங்கிலக் கப்பலில், ஒரு சொட்டு மது இல்லாமல் வந்து இறங்கி, பொறியியல் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸாக நின்றது. 'நேஷனல் லெவல் டெக்னிக்கல் சிம்போசியம்.'

அதில் குத்துவிளக்கு உண்டு, பேப்பர் பிரசன்டேஷன் உண்டு, படங்களைக் காட்டிச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கனெக்ஷன்ஸ் உண்டு. வருகிற மாணவர்களில் பாதிப் பேர் ஓ.டி. கிடைக்கும் என்று வருகிறார்கள், மீதிப் பேர் சான்றிதழுக்கு. அன்று ஒரு பங்கு ஒயினுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்தார்கள். நாம் தண்ணீரின் பங்கைக் கூட்டிக்கொண்டே போய், மேடையில் சிறப்பு விருந்தினர் முன்னால் அரை லிட்டர் பாட்டிலில் முழுத் தண்ணீராகவே நிறுத்திவிட்டோம். டாக்டர் எரிக்ஸிமாக்கஸ் பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார்.

ஆனால் இந்தியாவிலிருந்து ஒருவர் அந்தக் காலத்திலேயே முழு செட்டுக்கும் ஆர்டர் கொடுத்துப் பார்த்தார். சந்திரகுப்த மௌரியரின் மகன் பிந்துசாரர், கிரேக்க அரசன் ஆண்டியோக்கஸுக்கு எழுதிக் கேட்டவை மூன்று: இனிப்பு ஒயின், உலர்ந்த அத்திப்பழம், ஒரு சோஃபிஸ்ட். சோஃபிஸ்ட் என்றால் காசு வாங்கிக்கொண்டு எந்தத் தலைப்பிலும் பேசுகிறவர். இதுவும் அத்தினேயஸ் காப்பாற்றித் தந்த சேதிதான். ஒயினும் அத்திப்பழமும் அனுப்புகிறோம், சோஃபிஸ்டை விற்பது எங்கள் ஊர் வழக்கப்படி சட்டவிரோதம் என்று பதில் வந்ததாம்.

அன்று மறுத்த அயிட்டம்தான் இன்று தாராளமாகக் கிடைக்கிறது. போக வர செகண்ட் ஏசி டிக்கெட், பொன்னாடை, மொமெண்டோ, ஒரு கவர். தலைப்பைக்கூட மேடை ஏறிய பிறகு சொன்னால் போதும். அத்திப்பழத்துக்குப் பதில் பதினொரு மணிக்கு சமோசா வந்துவிடுகிறது. ஒயின் மட்டும் இன்னும் பெண்டிங்.